ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே, கடல் இருந்த ஊர்களுக்கு

தாம்பரத்தைச் சுற்றியுள்ள பாறைகளில் டைனோசரைத் தேடினால் கிடைக்காது. சானடோரியத்துக்குப் பின்னால் நிற்கும் பச்சைமலை, பல்லாவரம் குன்றுகள், பரங்கிமலை எல்லாமே சார்னோக்கைட் என்ற கரும்பாறை. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருவானது. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. அந்தக் காலத்தில் உலகத்தில் எலும்புள்ள உயிர் எதுவுமே தோன்றியிருக்கவில்லை. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகைதான் என்று கண்டு, 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். பரங்கிமலையில் இதை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். அன்றாடம் மின்சார ரயிலில் இதைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்!

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இந்த விளக்கம் போதவில்லை. "அப்போ நம்ம ஊர்ப் பக்கம் டைனோசரே இல்லையாப்பா?" என்று கேட்டாள். அரையாண்டு விடுமுறைக்கு எங்கே போவது என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஊட்டி என்றாள் மனைவி. அம்மா வழக்கம்போல் கோயில்கள் சொன்னார். நான் பழைய புத்தகங்களைப் புரட்டிவிட்டு, ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து நேரே தெற்கே போகலாம், மூன்று பேர் கேட்டதில் இரண்டு பேர் கேட்டதாவது நடக்கும் என்றேன்.

தமிழ்நாட்டின் புதைபடிவ இடங்கள் குடும்பப் பயணத்துக்கு வாய்ப்பாக அமைந்தவை. முக்கியமானவை எல்லாம் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையைச் சார்ந்தே இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர்பெற்ற கோயில் ஒன்று இருக்கிறது. ஆகவே பாட்டியும் பேத்தியும் ஒரே வண்டியில் மனக்குறையில்லாமல் வரலாம். காலம் மட்டும் முக்கியம். சித்திரை, வைகாசியில் பெரம்பலூர் வெயிலில் குழந்தைகளை நிறுத்தக் கூடாது. மழை ஓய்ந்த மார்கழி, தை சரியான சமயம். மழை மண்ணை அரித்துவிட்டுப் போயிருப்பதால் படிவங்களும் புதிதாக மேலே வந்திருக்கும்.

கிளம்புவதற்கு முன் உள்ளூரிலேயே கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவது நல்லது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியபோது, சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 நிலவியல் மாதிரிகள்தாம் அதன் முதல் சொத்து. சிலைகளும் செப்புத் திருமேனிகளும் பிறகு வந்தவை. நிலவியல் கூடத்தில் அரை மணி நேரம் செலவிட்டால் பாறை, கனிமம், படிவம் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும். வெள்ளிக்கிழமை விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவில் கல்மரம் ஒன்று நிற்கிறது, வழியில் அதையும் பார்க்கலாம். தாம்பரத்துக்கு மேற்கே, இன்று கார் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூரின் அடியில் கிடக்கும் களிப்பாறை டைனோசர் காலத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதிலிருந்து இலைப் படிவங்களைச் சேகரித்து விவரித்திருக்கிறார்கள். நாம் நினைத்ததைவிட அந்தக் காலம் நமக்கு அருகில்தான் இருக்கிறது.

பயணத்தில் முதல் டைனோசரை வேடந்தாங்கலில் பார்த்தோம். பறவைகள் டைனோசர்களின் வாரிசுகள் என்பது இன்று அறிவியலில் உறுதியான முடிவு. துல்லியமாகச் சொன்னால் பறவைகள் டைனோசர்களில் பிழைத்த ஒரு கிளை. செங்கல்பட்டைத் தாண்டிப் படாளம் கூட்டுரோட்டில் திரும்பி, காலை வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கரைக்குப் போய்விட வேண்டும். கூழைக்கடா இறக்கையை விரித்து இறங்குவதையும், பாம்புத்தாரா கழுத்தை வளைத்து நீரிலிருந்து எழுவதையும், நத்தைக்குத்தி நாரைகள் நடக்கும் நடையையும் மகளுக்குக் காட்டினேன். மூன்று விரல் முன்னால் ஊன்றி நடக்கும் அந்தக் காலும், அதில் இருக்கும் செதிலும் எங்கிருந்து வந்தவை என்று சொன்னதும் அவள் தொலைநோக்கியைக் கீழே வைக்கவே இல்லை. டைனோசர் என்றால் ரப்பர் பொம்மை என்று நினைத்திருக்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

திண்டிவனம் தாண்டிப் புதுச்சேரிப் பக்கமாகப் போனால் திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்கள், கோயிலுக்குச் சற்றுத் தள்ளி வேலிக்குள் கிடக்கும் மரங்களைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். ஏறக்குறைய 2 கோடி ஆண்டு வயதுள்ள கல்மரங்கள் அவை; இருநூறு அளவில் இருக்கும். 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை நீளம். 1781-இல் இங்கே வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெரா இவற்றைப் பற்றி முதலில் எழுதினார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1940-இல் இதைப் பூங்காவாக்கியது.

எந்த மரத்துக்கும் வேரில்லை, கிளையில்லை, பட்டையுமில்லை. இவை இங்கே வளர்ந்தவையாக இருந்தால் இப்படி இருக்காது. எங்கிருந்தோ பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வந்து இந்த மணலில் புதைத்திருக்கிறது. காற்றுப் படாமல் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, மரத்தின் ஒவ்வொரு செல்லிலும் படிந்து, மரம் போன இடத்தில் கல் நின்றுவிட்டது. வளையங்கள், கணுக்கள், பூச்சி துளைத்த ஓட்டைகூட அப்படியே தெரிகின்றன. அம்மா கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து ஒரு மரத்தின் மேல் கை வைத்தார். "புளியமரம் மாதிரியே இருக்கேடா" என்றார். இங்குள்ள மரங்களில் புளியின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு என்று நிலவியல் துறையின் பலகையே சொல்கிறது. வாழ்நாளெல்லாம் புளியமரத்தடியில் விறகு பொறுக்கிய கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிட்டது.

டைனோசரைத் தேடிக் கிளம்பியவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திருவக்கரை மரங்கள் மண்ணில் புதைந்தபோது டைனோசர்கள் அழிந்து 4 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தன. குழந்தைகள் எல்லாப் பழையதையும் ஒரே காலத்தில் வைத்துவிடுவார்கள். அதை வழியிலேயே பிரித்துச் சொல்லிக்கொண்டு போனால் மறுநாள் பார்க்கப்போவது எவ்வளவு பழையது என்பது அவர்களுக்கு விளங்கும்.

இரவு பெரம்பலூரில் தங்கினோம். அங்கே தங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்தில் இருக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளி ஆகிய இரு நாட்களில்தான் நடை திறக்கும். ஞாயிறு கிளம்பினால் திங்கள் காலை தரிசனம். இதைச் சொல்லித்தான் அம்மாவை முழுமனதோடு சம்மதிக்க வைத்தேன்.

சிறுவாச்சூரிலிருந்து தெற்கே பாடாலூர்ப் பக்கம் போய்க் கிழக்கே திரும்பினால் தெரணி. பீங்கானுக்கு வெள்ளைக் களிமண் வெட்டும் ஊர். அந்தக் களிமண் அடுக்குகளில் பெரணி, சைகஸ் வகைச் செடிகளின் இலைகள் பதிந்திருக்கின்றன. கடல் வருவதற்கு முன் இங்கே நின்ற காடு அது. அதை அடுத்து காரை. அங்கே நிலம் சட்டென்று மாறிவிடுகிறது. மஞ்சளும் செம்மையும் கலந்த வெறும் களிமண் மேடுகள், மழைநீர் அறுத்த ஓடைகள், மேடுகளில் வெயில் பட்டு மின்னும் ஜிப்சம் கீற்றுகள். புல்லும் சரியாக முளைக்கவில்லை. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலின் அடித்தரை.

எப்படிக் கடல் வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டியிருந்த கோண்ட்வானா நிலம் உடைந்தது. இந்தியா பிரிந்து வடக்கே நகர, புதிதாக உண்டான கிழக்குக் கரையில் பள்ளங்களில் கடல் புகுந்தது. இன்றைய கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் இந்தப் பகுதியில் பல கோடி ஆண்டுகள் ஏறுவதும் இறங்குவதுமாக அந்தக் கடல் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் ஓர் அடுக்குச் சேற்றையும் அதற்குள் அக்கால உயிர்களையும் விட்டுவிட்டுப் போனது. நிலவியலாளர் ஹெச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862-இல் இந்த அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். நம் ஊர்ப் பெயர்கள் உலகத்து நிலவியல் புத்தகங்களில் ஏறியது அப்படித்தான். பிறகு ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா தென்னிந்தியாவின் கடலுயிர்ப் படிவங்களைப் பெரிய பெரிய தொகுதிகளாக விவரித்தார். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

காரை மேட்டில் மகள் குனிந்தபடியே நடந்தாள். துப்பாக்கித் தோட்டா வடிவில் நீளக் கற்கள் கிடந்தன. பெலம்னைட் என்பார்கள், நாம் சமைக்கும் கணவாய்க்கு முன்னோர் உறவு, அதன் உடலுக்குள் இருந்த கடினப் பகுதி. சிப்பிகள் கிடந்தன. சுருள் சுருளாக அம்மோனைட் துண்டுகள் இருந்தன. அம்மா ஒன்றைப் பார்த்துவிட்டு "சாளக்கிராமம் மாதிரி இருக்கே" என்றார். சரியாகவே சொன்னார். நேபாளத்தின் கண்டகி நதியில் எடுத்துப் பூஜையில் வைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட் படிவம்தான், இதைவிடப் பழைய கடலுடையது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து வந்தார். "இதுவா பாப்பா? மழை பேஞ்சா தானா மேல வரும். நல்லாப் பாரு, தொட்டுப் பாரு. எடுத்துக்கிட்டு மட்டும் போவாத. வர்றவங்க எல்லாம் அள்ளிக்கிட்டே போறாங்க, நான் சின்னப் பிள்ளையில பாத்ததுல பாதி இப்ப இல்ல" என்றார். மகள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். புகைப்படம் எடுத்துக்கொண்டோம், பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனா வைத்து.

கொளக்காநத்தம் வழியாகச் சாத்தனூருக்குப் போனோம். கைபேசி வரைபடத்தில் தேடும்போது கவனம் வேண்டும். திருவண்ணாமலைப் பக்கத்துச் சாத்தனூர் அணை வேறு. இந்தச் சாத்தனூரில் ஓடைக்கரையில் 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒற்றைக் கல்மரம் கிடக்கிறது. 1940-இல் இதைப் பற்றி முதலில் எழுதியவர் தஞ்சை மண்ணில் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர். பூ பூக்காத ஊசியிலை இனத்து மரம். கரையில் நின்று, ஆற்றோடு போய், கடலில் மூழ்கி, சேற்றில் புதைந்தது. அந்தக் கடலின் கரை இங்கிருந்து இன்னும் 8, 10 கிலோமீட்டர் மேற்கே இருந்தது. திருவக்கரை மரங்களுக்கு இது பலமடங்கு மூத்தது. இந்த மரம் நின்ற காலத்தில் அதன் நிழலில் டைனோசர் நடந்திருக்கலாம் என்று சொன்னபோது மகள் மரத்தின் நீளத்துக்கு ஒருமுறை நடந்துவிட்டு வந்தாள்.

அரியலூருக்குள் நுழையும்போது சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக எதிரே வரும். அந்தக் கல் முழுக்கச் சிப்பியும் நத்தையும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஓடுகளும். இந்த மாவட்டத்தின் சிமெண்ட் ஆலைகள் அதை வெட்டி அரைத்துத்தான் சிமெண்ட் ஆக்குகின்றன. தாம்பரம் முதல் ஊரப்பாக்கம் வரை எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளில் இந்தக் கடல் கொஞ்சம் கலந்தேதான் இருக்கும். சுரங்கம் படிவங்களை அழிக்கிறது, அதே சுரங்கம்தான் அவற்றை வெளியேயும் கொண்டுவருகிறது. வெட்டும் இடத்தில் ஒரு நிலவியலாளர் நின்று பார்க்கிறாரா என்பதைப் பொறுத்தது எல்லாம்.

அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பகல் முழுக்க மேட்டில் பார்த்த துண்டுகளின் முழு உருவத்தை அங்கே பார்க்கலாம். ஆகவே முதலில் மேடு, பிறகு அருங்காட்சியகம் என்ற வரிசையைத்தான் நான் சொல்வேன். தலைகீழாகப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது குழந்தையின் மனதில் ஒட்டாது.

டைனோசர் எலும்பு எங்கே என்று மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் அரியலூர்ப் பக்கம் கல்லமேடு என்ற சிற்றூர். அரியலூர் அடுக்குகளின் மேல் பகுதியில் கடல் பின்வாங்கி, ஆறுகள் மண் கொண்டுவந்து நிரப்பிய காலம், டைனோசர்களின் கடைசிக் காலம். நிலவியலாளர் சி.ஏ. மேட்லி இங்கே எலும்புகளைத் தோண்டி 1929-இல் எழுதினார். பிறகு நிலவியல் ஆய்வுத் துறையின் பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் இங்கே ஒரு பேருயிரின் எலும்புகளைக் கண்டு, மேட்லியின் பெயரையும் சேர்த்து, புருஹத்காயோசாரஸ் மேட்லியை என்று பெயரிட்டு 1980-களின் இறுதியில் விவரித்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றென்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அர்ஜென்டினாவின் அர்ஜென்டினோசாரஸுக்கு அதே எலும்பு 1.55 மீட்டர்தான். 2023-இல் வந்த ஓர் ஆய்வு கல்லமேட்டு விலங்கின் எடை 110 முதல் 130 டன் இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. இருபது யானைகளுக்குச் சமம்.

அந்த எலும்புகள் இன்று இல்லை. களிமண்ணில் ஊறி ஏற்கெனவே நைந்திருந்த எலும்புகள் மழையிலும் ஈரத்திலும் நொறுங்கிப் போயின. எஞ்சியிருப்பவை வரைபடங்களும், 2022-இல் அய்யாசாமியும் சக ஆய்வாளரும் வெளியிட்ட பழைய புகைப்படங்களும். எலும்பு இல்லாததால் அது உண்மையிலேயே அவ்வளவு பெரியதா என்ற வாதம் முடியவே முடியாது. உலகத்தில் நடமாடிய மிகப் பெரிய விலங்காக இருந்திருக்கக்கூடிய ஒன்று நம் மாநிலத்தில் கிடைத்தது, அதைப் பூசிப் பாதுகாக்க அன்று நமக்கு வசதி போதவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கல்லமேடு அதோடு முடியவில்லை என்பது ஆறுதல். 2013-இல் அங்கே கிடைத்த ஒரு சிறு பல்லை ஆராய்ந்தவர்கள், அது ட்ரூடான்டிட் என்ற, பறவைக்கு நெருங்கிய டைனோசர் இனத்துடையது என்றார்கள். வட கண்டங்களில் மட்டுமே வாழ்ந்ததாக எண்ணியிருந்த இனம். இரண்டு மீட்டர் எலும்பைத் தொலைத்த ஊர் ஒரு சின்னஞ்சிறு பல்லால் மறுபடி உலக ஆராய்ச்சி இதழ்களில் இடம்பிடித்தது.

வதந்திகளையும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. நிலவியலாளர்கள் வந்து பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றிக் கனிமம் படிந்து உருண்ட கல் என்று விளக்கினார்கள். முட்டை இல்லை என்றதும் பலருக்கு ஆர்வம் போய்விட்டது. அம்மோனைட்டும் டைனோசர்களோடு சேர்ந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரேயடியாக அழிந்த இனம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால், அந்த உருண்டைக்கு மதிப்புக் குறையாது. அந்த அழிவுக்குப் பின் படிந்த அடுக்கும் அரியலூர் மாவட்டத்தில் நின்னியூர்ப் பக்கம் இருக்கிறது. ஒரு பகல் பயணத்துக்குள் அழிவுக்கு முன்னும் பின்னும் நிற்க முடிகிற இடங்கள் உலகத்தில் அதிகமில்லை.

திரும்பும் வழியில் கங்கைகொண்ட சோழபுரம் பார்த்தோம். அம்மாவின் பட்டியலில் அதுவும் இருந்தது. கார் இல்லாதவர்கள் தாம்பரத்தில் ஏறினால் கார்டு லைன் ரயில்களில் நேரே அரியலூரில் இறங்கலாம், அங்கிருந்து வாடகை வண்டி பேசிக்கொள்ளலாம். தண்ணீர், தொப்பி, சாப்பாடு கையோடு வேண்டும்; காரையிலும் சாத்தனூரிலும் கடையை நம்ப முடியாது. முழு எலும்புக்கூட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்ற பிள்ளைகளை அடுத்த விடுமுறைக்கு ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஆதிலாபாத் பகுதியில் கிடைத்த கோட்டாசாரஸ் அங்கே நிற்கிறது. அதை விவரித்தவரும் அதே யாதகிரிதான். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பராபாசாரஸும், குஜராத் பாலாசினோருக்கு அருகே ரய்யோலியில் 2019-இல் திறந்த டைனோசர் அருங்காட்சியகமும் அதற்கடுத்த விடுமுறைகளுக்கு.

நிலவியல் மரபிடங்களைக் காப்பதற்கான வரைவு மசோதாவை ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. அது சட்டமாக வேண்டும். காரைக்கும் கல்லமேட்டுக்கும் வேலியும் காவலும் வேண்டும். அரியலூரிலேயே படிவங்களைப் பூசி, ஒட்டி, பாதுகாக்கும் ஆய்வகம் ஒன்று வேண்டும். அடுத்த எலும்பு வெளியே வரும்போது அதை எழுதிவைத்தால் மட்டும் போதாது, காப்பாற்றவும் வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் இதைக் கேளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏதாவது அபூர்வமாகக் கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்து, படம் எடுத்து, நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். ஒரு துண்டைக்கூட எடுத்து வராதீர்கள்.